ஒரு கெஸ்டுக்காக ஊரையே திறந்துவிடாதே

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை நடந்து வந்தார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். விஎம் மேலாண்மை மென்பொருளில் ஒவ்வொரு கெஸ்டுக்கும் (ஹோஸ்ட் என்ற நிஜக் கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிக்கும்) தனித்தனியாகப் பாதுகாப்பு அமைப்பு வைக்கும் திரையை மூன்று மாதமாக வரைந்துகொண்டிருக்கிறேன். அடியில் ஓடுவது, கெஸ்டுகளைக் கிளப்பி நிர்வகிக்கும் லிப்விர்ட். முதல் வரைவில் "பாதுகாப்பு: ஆன் / ஆஃப்" என்று ஒரே ஒரு டிக் பாக்ஸ்தான். அது வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

காரணம், பழைய கம்பெனியில் பார்த்தது. ஒரு நாள் ராத்திரி ஒரே ஒரு கெஸ்ட், டிஸ்க்கைத் திறக்க அனுமதியில்லை என்று கிளம்ப மறுத்தது. அவசரத்தில் ஒருவர், கெஸ்டை ஓட்டும் க்யூஇஎம்யூவுக்கான கான்ஃப் கோப்பில் செக்யூரிட்டி டிரைவரை 'நன்' (எதுவும் வேண்டாம்) ஆக்கிவிட்டார். அந்தக் கெஸ்ட் எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஹோஸ்டில் கிளம்பிய கெஸ்ட் ஒவ்வொன்றும் லேபிள் (எது எதைத் தொடலாம் என்று சொல்லும் பாதுகாப்பு முத்திரை) இல்லாமலே ஓடியது. பல மாதம் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் 'ரீலேபிள் நோ' (லேபிளை நீயாக மாற்றாதே) என்று எழுதி, அதன் லேபிளைக் கையால் சரிசெய்திருந்தால் போதும்.

எஸ்இலினக்ஸ் (லேபிளைப் பார்த்து அனுமதி தரும் லினக்ஸ் பாதுகாப்பு) உள்ள ஹோஸ்டில், கெஸ்டுகளுக்கு லேபிள் போடும் லிப்விர்ட்டின் எஸ்விர்ட் செய்வது எவ்வளவு அழகான வேலை தெரியுமா? கெஸ்ட் கிளம்பும்போது 0 முதல் 1023 வரையுள்ள எண்களில் இரண்டைப் பொறுக்கி, சி87,சி520 என்பதுபோல ஒரு ஜோடியை அந்த ப்ராசஸுக்கும் அதன் டிஸ்க்குக்கும் ஒட்டுகிறது. மொத்தம் 5,23,776 ஜோடி. பக்கத்து கெஸ்டின் ஜோடி வேறு, அதனால் இந்தக் கெஸ்ட் அதன் டிஸ்க்கைத் தொடவே முடியாது. 2015-ல் வெனம் வந்தது நினைவிருக்கிறதா? க்யூஇஎம்யூவின் ஃப்ளாப்பி கன்ட்ரோலரில் 2004-லிருந்து கிடந்த ஓட்டை. ஃப்ளாப்பியே வைக்காத கெஸ்டுக்கும் ஆபத்து. அப்படி உள்ளேயிருந்து வெளியே வருகிறவனுக்குக் குறுக்கே நிற்கும் சுவர் இந்த லேபிள்தான்.

அதனால் திரையில், லேபிளை லிப்விர்ட்டே பொறுக்கும் டைனமிக்கை டீஃபால்ட்டாக வைத்தேன். லேபிளை நாமே எழுதித் தரும் ஸ்டாட்டிக், 'மேம்பட்டவை'க்குள் போய்விட்டது. அதில் டிஸ்க்கை லிப்விர்ட் தானாக ரீலேபிள் செய்யாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 'நன்' தேர்ந்தெடுத்தால் காரணம் எழுதியாக வேண்டும், பட்டியலில் அந்தக் கெஸ்ட் பெயர் எப்போதும் சிவப்பில் தெரியும். ஹோஸ்டில் 'ரிக்வயர் கன்ஃபைன்ட்' (பாதுகாப்பு இல்லாத கெஸ்டைக் கிளப்பாதே) போட்டிருந்தால் 'நன்' கண்ணிலேயே படாது.

என்னைத் தூங்கவிடாதது ஷேரபிள் டிஸ்க்தான். இரண்டு கெஸ்ட் சேர்ந்து எழுதும் க்ளஸ்டர் டிஸ்க்குக்கு லிப்விர்ட் ஜோடி எண்ணே போடுவதில்லை, எண் ஏதும் ஒட்டாத வெறும் எஸ்0 நிலை மட்டும்தான். அப்படியென்றால் அந்த இரண்டுக்கு மட்டுமல்ல, அதே ஹோஸ்டில் எஸ்விர்ட் லேபிளோடு ஓடும் எல்லா கெஸ்டுக்கும் எஸ்இலினக்ஸ் வழிவிட்டுவிடுகிறது. 'ஷேரபிள்' என்று டிக் செய்கிறவர் இதை நினைத்துப் பார்ப்பாரா? அந்த டிக்குக்குக் கீழேயே இதை ஒரே வரியில் சொல்ல வேண்டும் என்று எழுதி எழுதி அழிக்கிறேன்.

உன் ஹோஸ்ட் எல்லாம் உபுண்டுதானே? அங்கே எஸ்இலினக்ஸுக்குப் பதில் ஆப்ஆர்மர்; லிப்விர்ட் ஒவ்வொரு கெஸ்டின் யூயூஐடி (தனி அடையாள எண்) பேரிலும் ஒரு ப்ரொஃபைல் எழுதி, அதற்குரிய டிஸ்க் பாதைகளை மட்டும் அடுக்கும். பகிர்ந்த டிஸ்க் உள்ள இரண்டு கெஸ்டின் ப்ரொஃபைல்களைத் திறந்து, அந்தப் பாதை எப்படி வந்திருக்கிறது என்று பார்த்து எழுதுடா. திங்கட்கிழமைக்குள் கிடைத்தால் அந்த ஒரு வரியை முடித்துவிடுவேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழன்