பில்ரரில இருந்த சிவப்புப் புள்ளி: வன்னி சேவிஸ் ஸ்ரேசன்காரருக்கு ஒரு திறந்த மடல்

வவுனியாவில இருந்து பரந்தன் வரைக்கும் ஏ9 ரோட்டிலயும், மாங்குளத்தால திரும்பி ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு எண்டும் சேவிஸ் ஸ்ரேசனும் கராஜும் வைச்சிருக்கிற அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். எஞ்சின் ஒயில் மாத்துறது பற்றி உங்களிட்ட ஒரு முறைப்பாடு இருக்கு. உங்களில பாதிப்பேருக்கு என்ர முகம் தெரியும். கோயில் திருவிழாவுக்குக் கச்சான் கடை போடுற ஆள், வெள்ளை டொல்பின் வான். சிவராத்திரிக்கு திருக்கேதீச்சரம், பங்குனி உத்தரத்துக்கு புளியம்பொக்கணை, வைகாசியில வற்றாப்பளை, ஆவணியில மடு, நல்லூர்த் திருவிழாவும் அந்த நேரத்தில வந்து முட்டினா எதை விடுறது எண்டு வீட்டில ஒரு கிழமை சண்டை நடக்கும். வருசத்தில நாலைஞ்சு மாசம் எங்களுக்கு அந்த வான்தான் வீடு, பின் சீற்றெல்லாம் கழட்டிப் போட்டு பலகை அடிச்சு மெத்தை விரிச்சு, காஸ் சிலிண்டர், தண்ணிக் கான், கச்சான் மூட்டை, வறுக்கிற தாச்சி எல்லாம் அதுக்குள்ளதான், மனிசியும் சின்னவனும் நானும் அதுக்குள்ளதான் படுக்கிறது. வெளிநாட்டில உதுக்கு மோட்டர் ஹோம் எண்டு பேராம், லண்டனில இருந்து வந்த மச்சான் சொல்லிச் சிரிச்சவன்.

எஞ்சின் ரொயோட்டாவின்ர 3எல், ரெண்டே முக்கால் லீற்றர் சொச்சம் டீசல், மீற்றர் நாலு இலட்சம் தாண்டிட்டுது, அதுக்கு முதல் ஆர் மீற்றரைத் திருப்பினவை எண்டது முறிகண்டிப் பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். புது வான் வாங்கலாம்தானே எண்டு கேக்காதேங்கோ. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திறந்துவிட்டவை, திறந்தாப் பிறகு விலையைக் கேட்டுட்டு பேசாமத் திரும்பி வந்திட்டன். ஆனபடியா இந்த எஞ்சின் எனக்கு இன்னும் கன வருசம் ஓடவேணும். அது நிண்டா எங்கட வீடு ரோட்டில நிக்கும், அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

விசயத்துக்கு வாறன். போன வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் உங்களில ஒரு ஆளின்ர இடத்தில ஒயில் மாத்தினனான். ஆர் எண்டு எழுத மாட்டன், அவருக்குத் தெரியும். 15டபிள்யூ-40 டீசல் ஒயில் ஊத்துங்கோ, பில்ரரும் மாத்துங்கோ எண்டு சொல்லிப்போட்டு பக்கத்துக் கடையில ரீ குடிக்கப் போனன், அதுதான் நான் விட்ட பிழை. வந்து பாக்க எல்லாம் முடிஞ்சுது, பில்லில பில்ரருக்கும் காசு போட்டிருந்தவை, குடுத்திட்டு வந்திட்டன். முள்ளியவளை தாண்டேக்க பின்னால நீலப் புகை. வானை ஓரங்கட்டி மனிசியை எழுப்பி, டொல்பினில எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழதானே, ஒவ்வொருக்காலும் அவள் எழும்பினாத்தான் ஒயில் பாக்கலாம், ஒயில் அளவு பாக்கிற கம்பி, அந்த டிப்ஸ்டிக்கை இழுத்தா ஒயில் மேல்கோட்டுக்கு ரெண்டு விரல் மேல நிக்குது. பில்ரரைப் பாத்தா பளபளவெண்டு இருக்குது, ஆனா அதின்ர அடியில ஒரு சிவப்புப் புள்ளி. போனமுறை மாத்தேக்க மனிசி தன்ர கியூட்டெக்ஸால வைச்ச புள்ளி அது. அவளுக்கு முதலே ஒரு சந்தேகம், நான்தான் உனக்கு என்ன விசரோ எண்டு பேசினனான். பழைய பில்ரரைத் துணியால துடைச்சு விட்டிருக்கினம், அவ்வளவுதான். அண்டைக்கு முழுக்க அவள் என்னைப் பாத்த பார்வையை இஞ்ச எழுதேலாது.

அடுத்த நாள் திரும்பிப் போய்க் கேட்டா "தம்பி, பழைய எஞ்சினுக்கு தடிச்ச ஒயில்தான் நல்லம், கூட நிண்டாலும் எரிச்சுப் போடும்" எண்டு பதில். ஊத்தினது பரலில இருந்த 20டபிள்யூ-50, கானும் இல்லை, லேபலும் இல்லை, பெற்றோலுக்கோ டீசலுக்கோ எண்டும் அவருக்கே தெரியாது.

தடிச்ச ஒயில் எண்டது முழுப் பொய்யும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். 15டபிள்யூ-40 எண்டதில முன்னுக்கு நிக்கிற இலக்கம், டபிள்யூ போட்டது, குளிருக்குள்ள ஒயில் எவ்வளவு இலேசா ஓடும் எண்டதுக்கு. வன்னியில மார்கழி விடியக்காலையிலயும் என்ன பெரிய பனியே, அதால எங்களுக்கு 5டபிள்யூ தேவையில்லை, 15 காணும். பின்னுக்கு நிக்கிற இலக்கம்தான் எஞ்சின் நூறு பாகை சூட்டில நிக்கேக்க ஒயில் எவ்வளவு தடிப்பா இருக்கும் எண்டதுக்கு. எங்கட வெய்யிலுக்கு தேய்ஞ்ச எஞ்சினில 50 ஊத்தினா உடன ஒண்டும் வெடிக்காது, ஒயில் பிரசர் குறையிற எஞ்சினுக்கு அது கொஞ்சம் கை குடுக்கும்தான். ஆனா பிஸ்ரனைச் சுத்தி இருக்கிற ரிங் தேய்ஞ்சதை ஒயில் வந்து திருத்தாது. மற்றது தடிப்பு ஒரு கதை, தரம் இன்னொரு கதை. கானுக்குப் பின்னால ஏபிஐ எண்டு, அது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின்ர தரக் குறியீடு, போட்டு எஸ் எழுத்தில தொடங்கினா பெற்றோலுக்கு, சி எழுத்தில தொடங்கினா டீசலுக்கு, ரெண்டும் போட்டிருந்தா முன்னுக்கு எது நிக்குது எண்டு பாக்கவேணும். டீசல் எஞ்சினில கரி கனக்கச் சேரும், அந்தக் கரியை கட்டிபடாம பிடிச்சு வைச்சிருக்கிற மருந்து டீசல் ஒயிலிலதான் கூடக் கலந்திருக்கும். பரலில இருந்து ஊத்தினா இதெல்லாம் ஆருக்குத் தெரியும்?

இன்னொரு விசயம், இது எனக்கே பிந்தித்தான் விளங்கினது. புதுசு எல்லாம் திறம் எண்டு நினைச்சு சிகே-4 எண்ட ஒயிலை கொழும்பில இருந்து எடுப்பிச்சனான், 2016 கடைசியில வந்த தரம் அது. நல்ல ஒயில்தான், ஆனா அது கந்தகம் குறைஞ்ச டீசலை நினைச்சுச் செய்தது. நாங்கள் அடிக்கிற ஓட்டோ டீசலில சுப்பர் டீசலை விட கந்தகம் கூட, கந்தகம் எரிஞ்சா அமிலம் வரும், அந்த அமிலத்தை முறிக்கிற சக்தி ஒயிலில இருக்கவேணும். 2002இல வந்த சிஐ-4 எண்ட தரம் கந்தகம் கூடின டீசலுக்கும் தாங்கும், அரை வீதம் வரைக்கும். அதால பழைய 3எல்லுக்கு சிஐ-4 போட்ட 15டபிள்யூ-40 ஒண்டு, கல்ரெக்ஸ் எண்டாலும் சேவோ எண்டாலும் காஸ்ரோல் எண்டாலும், சீல் உடைக்காத கானில வந்தாக் காணும். பேருக்காக நான் சண்டை பிடிக்க மாட்டன்.

ஹை மைலேஜ் ஒயில் எண்டு ஒண்டு இருக்காம், அதை ஊத்தினா பழைய எஞ்சின் புதுசாகும் எண்டு ஒரு தம்பி விக்கப் பாத்தவன். அதில என்ன இருக்கெண்டா, காய்ஞ்சு இறுகின ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊதி மெதுவாக்கிற மருந்து. கசிவு இலேசா இருந்தா குறையலாம், சீல் வெடிச்சிருந்தா சீலைத்தான் மாத்தவேணும். அதோட அந்தக் கான்கள் கூடுதலா பெற்றோல் காருக்குச் செய்தது, எழுத்தைப் பாருங்கோ. பிளஷ் எண்டு ஊத்திக் கழுவுறதும் எனக்கு வேண்டாம், வருசக்கணக்கா அடியில படிஞ்ச ஊத்தை ஒரேயடியா கிளம்பி ஒயில் பம்ப் உறிஞ்சுற வலையில போய் அடைச்சா எஞ்சின் அதோட சரி. மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவுற மெக்கானிக் பாஸ்மாரும் இன்னும் இருக்கினம்.

மண்ணெண்ணெய் எண்டதும் அப்பாதான் ஞாபகம் வாறார். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் வன்னிக்குள்ள பெற்றோல் இல்லை, அப்பா ஒரு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஓடினவர், ரெண்டு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடுறது, அந்த மணம் ஊருக்கே தெரியும். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கால இறங்கி கீழ ஒயிலோட கலந்திடும், ஒயில் குறையிறதுக்குப் பதிலா கூடும், தண்ணி மாதிரி வரும். அதால அவர் டிப்ஸ்டிக்கை இழுத்தா முதல் மணந்துதான் பாப்பார், பிறகு விரலால உரசிப் பாப்பார், கடைசியாத்தான் அளவு. நானும் அப்பிடியே. முறிகண்டியில எல்லாரும் தேங்காய் உடைக்க இறங்குவினம், நானும் உடைச்சிட்டு வந்து, எஞ்சின் நிண்டு பத்து நிமிசமாவது ஆகியிருக்கும் எண்டு பாத்து, மனிசியை எழுப்பி டிப்ஸ்டிக்கை மணப்பன். டீசல் மணத்தா டீசல் பீச்சுற நொசில் ஒழுகுது. மூடிக்குக் கீழ பால் மாதிரி வெள்ளையா இருந்தா தண்ணி கலக்குது. கறுப்பா இருந்தா ஒண்டுமில்லை, டீசல் ஒயில் மாத்தி ரெண்டு நாளிலயே கறுக்கும், கரியைப் பிடிக்கிறதுதான் அதின்ர வேலை. முந்தி இது தெரியாம ஒரு வயசுபோன பாஸோட கள்ள ஒயில் ஊத்தினனீர் எண்டு சத்தம் போட்டனான், அந்த ஐயா இதை வாசிச்சா மன்னிக்கவும்.

அளவு கூடினாலும் என்ன எண்டு சிரிச்சவருக்கும் ஒண்டு. மேல்கோட்டைத் தாண்டினா எஞ்சினுக்கடியில சுழலுற கிராங் அந்த ஒயிலுக்குள்ள அடிச்சு நுரை தள்ளும், நுரைக்குப் பிரசர் வராது, மிச்சம் எஞ்சின் மூச்சு விடுற குழாய், அந்த பிரீதரால போய் உள்ள எரியும், அந்த நீலப் புகைதான் முள்ளியவளையில நான் பாத்தது. ஒரு லீற்றருக்கு மேல திரும்ப இறக்கினனான், ரோட்டோரத்தில, படுத்துக்கொண்டு, வேட்டியோட.

கிலோமீற்றர் கணக்கும் எனக்குச் சரிவராது. நீங்கள் ஸ்ரிக்கரில 5,000 எண்டு எழுதிவிடுவியள், ஆனா திருவிழாவில இரவிரவா பற்றரி சாச் பண்ண, லைற்றுக்கும் சின்னவனுக்கு பானுக்கும் எண்டு எஞ்சினை ஐடிலில விடுறனான், மீற்றர் அசையாது, ஒயில் பழுதாகிக்கொண்டே இருக்கும். ஒரு மணித்தியாலம் ஐடிலில நிண்டா 40 கிலோமீற்றர் ஓடினமாதிரி கணக்குப் போடச் சொல்லுறவை. பத்து நாள், நாளுக்கு நாலு மணித்தியாலம் எண்டு பாருங்கோ, 1,600 கிலோமீற்றர் அங்கயே போட்டுது. அதோட கிறவல் ரோட்டுப் புழுதி. அதால நான் 4,000 ஆகமுதல் வருவன், உங்களுக்கும் வியாபாரம்தானே.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. கானை என்ர கண்ணுக்கு முன்னால உடையுங்கோ. பழைய பில்ரரை என்ர கையில தாங்கோ. என்ன ஒயில், எத்தினை லீற்றர், மீற்றர் எவ்வளவு எண்டு பில்லில எழுதுங்கோ. எஞ்சின் சூட்டோட இறக்குங்கோ, கடைசிச் சொட்டு மட்டும் வடியவிடுங்கோ, ட்ரெயின் நட்டுக்குப் புது வோசர் போடுங்கோ, அதின்ர காசு நான் தாறன். வெறுங்கானை ஓட்டை போட்டிட்டு எறியுங்கோ, அந்தக் கானுக்குள்ள வேற ஒயில் ஏறி திரும்பக் கடைக்கு வருது எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

கழிவொயில் கதையும் இருக்கு. வேலிக் கட்டைக்குக் கறையானுக்குப் பூச எண்டு ஆரும் கேட்டா ஒரு போத்தில் குடுக்கிறியள், அது ஊர்வழக்கம், நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா மிச்சத்தை கராஜுக்குப் பின்னால கிடங்கில ஊத்துறியள், அங்கால இருபது அடியில கிணறு. சுன்னாகத்தில கிணத்துத் தண்ணியில ஒயில் வந்து சனம் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும், வழக்கு உயர்நீதிமன்றம் வரைக்கும் போனது. பரலில சேர்த்து வையுங்கோ, வாங்கிப்போற ஆக்கள் இருக்கினம், அதிலயும் ரெண்டு காசு வரும்.

உங்களில கனபேர் நேர்மையான ஆக்கள். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு தம்பி, பேர் போட்டாக் கோவிப்பான், நான் ஒண்டும் சொல்லமுதல் பழைய பில்ரரை வெட்டித் திறந்து உள்ள இரும்புத்தூள் இருக்கோ எண்டு எனக்குக் காட்டினவன். அவனிட்ட போறதுக்கு இருபது கிலோமீற்றர் சுத்தினாலும் பறவாயில்லை எண்டு மனிசி சொல்லுறாள்.

மடுவுக்கு வெளிக்கிட முதல் ஒயில் மாத்தவேணும், ஆடிக் கடைசியில உங்களில ஒரு ஆளிட்ட வருவன். கானும் பில்ரரும் நானே கொண்டு வாறன், கூலியை மட்டும் சொல்லுங்கோ. இந்தமுறை ரீ குடிக்கப் போகமாட்டன். புள்ளி பச்சை நிறத்தில இருக்கும், சிவப்புக் கியூட்டெக்ஸ் முடிஞ்சுபோச்சு.

இப்படிக்கு,
கச்சான் வான்காரன்