நடுவட்டம் கமலாவுக்கு

கோவை

அன்புள்ள கமலா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள். குனிந்து அடுப்படி வேலை பார்க்காதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை, சொல்லிவைப்பது என் கடமை. சுகன்யாவுக்கு வேலை கிடைத்ததற்கு என் வாழ்த்தைச் சொல். அவளே ஒரு போன் போட்டிருக்கலாம், கழுதை.

"இந்த வயசுல முதுகுல மூட்டை தூக்கிக்கிட்டு அப்படி என்னடி ஊர் சுத்தல்" என்று கேட்டிருக்கிறாய். தென் அமெரிக்காவில் எக்வடார் போய்வந்ததற்குப் போட்டோ போதாது, உட்கார்ந்து எழுது என்று உத்தரவு வேறு. சரி, எழுதுகிறேன். நீளமாக இருந்தால் கண்ணை வருத்திக்கொள்ளாமல் அண்ணனைப் படிக்கச் சொல்.

பயமாக இல்லையா என்றும் கேட்டிருந்தாய். இருந்தது. 2024 ஜனவரியில் குவாயாகில் நகரத்தில் ஆயுதக் கும்பல் ஒன்று டிவி நிலையத்துக்குள் நேரலையிலேயே புகுந்ததை நீயும் பார்த்திருப்பாய். அதைக் காட்டிக்காட்டியே அக்கா என்னைப் போகவிடாமல் செய்யப் பார்த்தாள். அவள் மகள் நித்யாதான் கடற்கரை நகரங்களை அப்படியே ஒதுக்கிவிட்டு மலை, காடு, தீவு என்று பாதை போட்டாள். இரவு பஸ் கிடையாது, இருட்டியபின் தெருவில் நடை கிடையாது, டாக்சி வேண்டுமென்றால் விடுதிக்காரரையே கூப்பிடச் சொல்ல வேண்டும். "சித்தி, ஹீரோயினிசம் வேண்டாம்" என்று தினம் ஒரு முறை சொல்வாள். அந்தக் கட்டுப்பாடுகளோடு போனதில் எங்களுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை.

தலைநகரம் கீட்டோ. நீலகிரியில் பிறந்தவளுக்கு மலையேற்றம் என்ன புதுசா என்று மிதப்பாகப் போய் இறங்கினேன். ஊட்டி 2,240 மீட்டர், கீட்டோ 2,850. அந்த அறுநூறு மீட்டர் போதும், தலை விண்விண் என்று தெறித்தது. பழைய நகரம் அழகுதான், தேவாலயங்களில் தங்கத் தகடு பளபளக்கிறது, போட்டோவில் பார்த்துக்கொள். எனக்குப் பிடித்தது சாப்பாட்டுக் கடைகள். மதியத்தில் நம் ஊர் அளவுச் சாப்பாடு மாதிரி ஒரே விலைக்கு சூப், சோறு, ஒரு துண்டு கறி அல்லது மீன், பழச்சாறு. மூன்று நான்கு டாலர். டாலர்தான், அவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை 2000-லேயே கைவிட்டுவிட்டார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுக் குழைத்த ஒரு சூப் உண்டு, மேலே வெண்ணெய்ப்பழத் துண்டு. குளிருக்கு அதைவிட வேறு வேண்டாம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் காரத் துவையல் இருக்கும். தொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்த ருசி. என்னவென்று பார்த்தால் மரத்தக்காளி! நாம் ஊட்டி மார்க்கெட்டில் வாங்கித் தோலோடு கடித்துப் புளிப்பில் முகம் சுளிப்போமே, அதேதான். அதற்குச் சொந்த ஊர் அந்த மலைகள். மிளகாயோடு அரைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயம் சேர்த்து வைக்கிறார்கள். எனக்கு மட்டும் இரண்டாவது கிண்ணம் வரும்.

கிலோட்டோவா என்ற எரிமலை ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்கள் வழியாக நடந்தோம். பள்ளத்தாக்கில் இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக முழங்கால் போய்விட்டது. நித்யா முன்னால் போய்ப் பாறையில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பாள், நான் போய்ச் சேர்ந்ததும் அவள் எழுந்துவிடுவாள். ஓய்வு அவளுக்குத்தான். உச்சியில் ஏறி எட்டிப் பார்த்தால் மூன்று கிலோமீட்டர் அகலக் கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

சிம்போராசோ கதை வேறு. உயரம் 6,263 மீட்டர். எவரெஸ்டுக்கு எவ்வளவோ கீழே என்று நினைப்பாய். ஆனால் பூமி நடுவில், நிலநடுக்கோட்டை ஒட்டி, சற்றுப் புடைத்திருக்கிறது. அதனால் பூமியின் மையத்திலிருந்து அளந்தால் இந்த உச்சிதான் உலகத்திலேயே தூரமானது, எவரெஸ்டைவிட சுமார் இரண்டு கிலோமீட்டர் அதிகம். 1802-ல் ஹம்போல்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஏற முயன்று முடியாமல் திரும்பினார். 1880-ல் விம்பர் என்ற ஆங்கிலேய மலையேறி உச்சியைத் தொட்டார். நாங்கள் 4,850 மீட்டர் வரை வண்டியில் போய், அங்கிருந்து 5,000-ல் இருக்கும் தங்கல் வரை நடந்தோம். நூற்றைம்பது மீட்டர் ஏற்றம் என்ன பெரிசு என்கிறாயா? பத்தடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினேன். அடிவாரத்தில் விக்குன்யா என்ற ஒட்டக இனத்துக் காட்டு விலங்குக் கூட்டம் மேய்ந்தது, நம் வரையாடு மாதிரியே கூச்சம் கிடையாது. அந்த மலையின் பனிக்கட்டியைக் கோடரியால் வெட்டி, புல்லில் சுற்றி, கழுதையில் ஏற்றி ரியோபம்பா சந்தைக்குக் கொண்டுவந்து விற்ற கடைசி ஆள் பல்தசார் உஷ்கா. 2024-ல் காலமானார். பழச்சாறு விற்கும் பெண்கள் இன்னும் அவரைப்பற்றித்தான் பேசுகிறார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உனக்கென்றே வைத்திருந்தது. உன் தாத்தா, மலேரியா மருந்து செய்த நடுவட்டம் கொயினா ஃபாக்டரியில் பட்டை எடை போட்டாரே, அந்தப் பட்டை தரும் சிங்கோனா மரம் சிம்போராசோவின் மேற்குச் சரிவிலிருந்து வந்தது. 1860-ல் ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், உடம்பு முடியாமல் நடக்கவே சிரமப்பட்ட நிலையில், அந்தக் காட்டில் மாதக்கணக்கில் தங்கிச் செம்பட்டைச் சிங்கோனாவின் விதைகளைச் சேர்த்தார். ஒரு லட்சம் விதை. காயவைத்து, பொறுக்கி, கப்பலேற்றினார். கூடவே நாற்றுகளும் தெப்பத்தில் ஆற்று வழியாகத் துறைமுகம் போயின. அந்த விதைகள்தான் ஊட்டிக்கு வந்து மெக்ஐவர் கையில் முளைத்தன. ஊட்டித் தாவரவியல் பூங்காவை அமைத்த அதே மெக்ஐவர். பட்டையைப் பாதி உரித்து, உரித்த இடத்தில் பாசியைக் கட்டிவைத்தால் மரம் சாகாமல் மறுபடி பட்டை வைக்கும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். மலேரியாவுக்கு அன்று வேறு மருந்து ஏது. இந்தியாவில் பட்டாளத்தைக் காப்பாற்ற வெள்ளைக்காரனுக்கு அந்தப் பட்டை தேவைப்பட்டது, நம் ஜனத்துக்குக் கிடைத்தது மிச்சம்.

ரியோபம்பாவிலிருந்து குவராண்டா பக்கம் பஸ்ஸில் இறங்கும்போது வழியெல்லாம் அந்த மரத்தைத் தேடினேன். சரிவு முழுக்க மேய்ச்சல் புல்லும் சோளமும்தான். இளைஞர்கள் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்த வயதான அம்மாவுக்குத்தான் தெரிந்தது. நித்யாவின் ஸ்பானிஷை வைத்துக் கேட்டதில், அவருடைய அப்பா காலத்தில் காட்டில் இருந்ததாம், பட்டைக்காக வெட்டிவெட்டித் தீர்த்துவிட்டார்களாம். அந்த நாட்டின் தேசிய மரமே சிங்கோனாதான், கமலா. தேடிப் போனவளுக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அமேசான் காட்டுக்கு வருகிறேன். லாகோ அக்ரியோ வரை பகல் பஸ். 1967-ல் அங்கே எண்ணெய் கண்டுபிடித்தார்கள், அதற்குப்பின் வந்த ஊர் அது. சாலையோரம் கூடவே குழாய் ஓடுகிறது, வீட்டு வாசலை ஒட்டி, பள்ளிக்கூடத்தை ஒட்டி. 2023-ல் யசுனி வனத்தின் ஒரு பகுதியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தலாமா என்று நாடு முழுக்க ஓட்டெடுப்பு வைத்தார்கள், சுமார் 59 சதவீதம் பேர் நிறுத்து என்றார்கள். வருமானம் போகும் என்று தெரிந்தே போட்ட ஓட்டு. இதை நினைத்து நான் இன்னும் ஆச்சரியப்படுகிறேன்.

அங்கிருந்து கூயபேனோ காட்டுக்குள் மோட்டார் படகு. கறுப்புத் தேநீர் நிறத்தில் ஆறு. கொசு நான் பயந்த அளவுக்கு இல்லை. இளஞ்சிவப்பு டால்பினின் முதுகு இரண்டு தடவை தெரிந்தது. ஓவாட்சின் என்று ஒரு பறவை, பெரும்பாலும் இலை தழையே தின்று, மாடு மாதிரி, ஆனால் தீனிப்பையில் புளிக்கவைத்துச் செரிக்கிறது, கிட்டப் போனால் சாணி வாடை.

சியோனா என்ற பழங்குடியினரின் கிராமத்தில் ஒரு பெண் மரவள்ளி ரொட்டி சுட்டுக்காட்டினார். தோட்டத்தில் போய்க் கிழங்கைப் பிடுங்குவதிலிருந்து எல்லாம் எங்கள் எதிரிலேயே. துருவிய மாவை, ஓலையில் பின்னிய நீளப் பட்டையில் வைத்துச் சுருட்டி, ஒரு முனையைக் கம்பத்தில் மாட்டி மறுமுனையைக் குச்சியால் முறுக்கினார். பால் சொட்டுச்சொட்டாக வடிந்து மாவு உதிரியாகிவிட்டது. அந்தப் பாலில்தான் விஷம். உதிரியைச் சலித்து, சூடான மண் தட்டில் பரப்பி, கையாலேயே ஓரத்தை வட்டமாகத் தட்டிவிட்டார். எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை. சூட்டிலேயே மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு அப்பளமாக எழுந்து வந்தது. மீன் குழம்பு இருந்தால் தேவலை என்றேன். நித்யா முறைத்தாள்.

கடைசியில் கலாபகோஸ். கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே. நுழைவுக் கட்டணம் மட்டும் 200 டாலர், 2024 வரை நூறுதான் இருந்தது. சொகுசுக் கப்பல் நமக்குக் கட்டுப்படியாகாது, சாந்தா குருஸ் தீவில் ஒரு சின்ன விடுதியில் தங்கிக்கொண்டோம். விமானம் ஏறும் முன் பையைத் திறந்து விதை, பழம், மண் எதுவும் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். நான் கொண்டுபோன சுண்டைக்காய் வற்றல் அங்கேயே குப்பைக்குப் போனது. மீன் சந்தையில் கடற்சிங்கம் ஒன்று வெட்டும் அம்மாவின் இடுப்பில் மூக்கை வைத்துத் துண்டுக்குக் காத்திருக்கிறது. கடலோணான்கள் நடைபாதையில் படுத்து மூக்கால் உப்பைத் தும்முகின்றன. எல்லாம் நீ டிவியில் பார்த்ததுதான்.

பார்க்காததைச் சொல்கிறேன். தீவின் மேட்டுப் பகுதியில், பெரிய ஆமைகள் நடமாடும் ஒரு பண்ணைக்குப் போனோம். அசல் நடுவட்டத்துச் சாரல், எலும்புவரை ஈரம். பண்ணைக்காரர் வேலியோரம் வளர்ந்திருந்த ஒரு கன்றைக் காட்டி முகம் சுளித்தார். பெரிய இலை, முதிர்ந்த இலைகள் செக்கச்செவேலென்று. சிங்கோனா! நாடெல்லாம் தேடியும் கிடைக்காதது இங்கே களையாக நிற்கிறது. 1940-களில் குடியேறியவர்கள் கொண்டுவந்து நட்டது, காற்றில் பறக்கும் விதையால் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவிவிட்டது. அந்த உயரத்தில் ஆதியில் மரமே கிடையாது, பெரணியும் புதரும்தான். இதன் நிழலில் அவை நசிகின்றன. வெட்டினால் வேரிலிருந்து துளிர்க்கிறது, அதனால் வேரோடு பிடுங்க வேண்டும், இல்லையேல் வெட்டிய இடத்தில் மருந்து தடவ வேண்டும். வனக்காவலர்களுக்கு வருஷம் முழுக்க இதே வேலை. கொய்யாவும் அங்கே களைதான். ஆமை பழத்தைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதைத்துவிடுகிறது.

பண்ணைக்காரர் கத்தியால் பட்டையில் ஒரு சீவல் எடுத்துக் கொடுத்தார். வாயில் வைத்தேன். சின்ன வயதில் காய்ச்சலுக்கு உன் தாத்தா கொடுத்த கசப்பு, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. என் தாத்தா காலத்தில் எங்கள் மலையில் இதை வேலி போட்டுக் காவல் வைத்து வளர்த்தார்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டுமானால் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

நம் பக்கம் சீகை (வெளிநாட்டு வாட்டில்) மரங்களை வெட்டுகிறார்கள், அண்ணன் புலம்புகிறார் என்று எழுதியிருந்தாயே. என்னைக் கேட்டால் வெட்டத்தான் வேண்டும். புல்வெளியைத் தின்றுவிட்டது அது, ஓடை வற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சீகை விறகை நம்பி அடுப்பெரித்த வீடுகளுக்கு ஒரு வழி செய்துவிட்டு வெட்டட்டும். அண்ணன் கோபம் அதில்தான் என்றால் நான் அவர் கட்சி. மரத்தின் மேல் பாசம் என்றால் நான் இல்லை. சிங்கோனா மேல் மட்டும் எனக்கு ஏன் பாசம் என்று கேட்காதே, அது உன் தாத்தாவின் சம்பளம்.

ஐப்பசியில் நித்யா ஊருக்கு வருகிறாள், இரண்டு பேரும் உன் வீட்டுக்கு வருகிறோம். ஃபாக்டரிக்குப் பின்னால் பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றனவா என்று உன் தம்பியை விசாரித்து வைக்கச் சொல். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டுமென்றால் இப்போதே வாங்கிவிடட்டும். மழை விட்டிருக்காது, அட்டைக்கு உப்பும் புகையிலையும் தயாராக இருக்கட்டும். நித்யாவுக்குக் காரம் ஆகாது, குழம்பைத் தனியாக எடுத்து வை.

அன்புடன்,
வசந்தா