பாப்பாவுக்கு, அந்தக் குழாய் விஷயமாக

அன்புள்ள பாப்பா,

குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டால் குழாயையே மாற்ற வேண்டும், ஆயிரத்து இருநூறு ஆகும் என்கிறார் என்று நேற்று சொன்னாய் அல்லவா, அவசரப்பட்டு சரி சொல்லிவிடாதே. சொட்டுகிற குழாயில் பெரும்பாலும் உள்ளே இருக்கிற ஒரு சின்ன சாமான்தான் தேய்ந்திருக்கும், குழாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது. போனில் விளக்கமாகச் சொல்லலாம் என்றால் பேத்தி போனைப் பிடுங்கிவிடுகிறாள், அதனால் எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

முதலில் அந்தக் குழாய்க்கு வருகிற தண்ணீரை நிறுத்த வேண்டும். குளியலறைச் சுவரிலேயே ஒரு வால்வு இருக்கலாம், இல்லையென்றால் மாடி டேங்கிலிருந்து இறங்குகிற பைப்பில் கேட் வால்வு இருக்கும், கீழ் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூடு. குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, தரையில் தண்ணீர் போகிற ஓட்டையில் பழைய துணி ஒன்றை அடைத்து வை, ஸ்க்ரூ உருண்டு அதில் விழுந்தால் அப்புறம் தேட முடியாது. பல சுற்று திருகுகிற பழைய மாதிரி குழாய் என்றால் உள்ளே நுனியில் ஒரு வாஷர் இருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும், சில ரூபாயில் வேலை முடிந்துவிடும். கால் சுற்றிலேயே திறந்து மூடுகிற குழாய் என்றால் அதற்கு அந்த வாஷர் கிடையாது. கடையில் ஸ்பிண்டில் என்று கேள், உள்ளே செராமிக் தட்டு வைத்து வருவது, அதை முழுதாக மாற்ற வேண்டும். எதுவானாலும் கழற்றினதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போ, வாயால் சொல்லி வாங்காதே, நீளமும் பல்லும் கொஞ்சம் மாறினாலும் கைப்பிடி உட்காராது.

குழாயையே சுவரிலிருந்து கழற்றி மாட்டினால் மட்டும் டெஃப்லான் டேப் வேண்டும், கசியாமல் இருக்க மரையில் சுற்றுகிற மெல்லிய வெள்ளை டேப் அது. மரை நுனி உன்னைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்று. மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது டேப் உருண்டு வெளியே வந்து, பூட்டின இடத்திலேயே கசியும். தாம்பரம் பக்கம் போர் தண்ணீர் உப்பு அல்லவா, ஷவரில் வெள்ளையாகப் படிந்து ஓட்டைகள் அடைத்திருக்கும், வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் திறந்துகொள்ளும். அதற்கு ஆசிட் ஊற்றாதே, மேலே இருக்கிற பளபளப்பு போய்விடும்.

ஆசிட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இதை மட்டும் கல்யாணி அக்காவிடமும் சொல்லிவை, வேலைக்கு வருகிறவர் அவர்தானே. பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூமில் அது நுரையீரலைக் கெடுத்துவிடும். பிள்ளை இருக்கிற வீடு. எது வேண்டுமோ அதை ஒரு நாள், மற்றதை இன்னொரு நாள், நடுவில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும்.

ஹாலில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றாயே, மோட்டார் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதே. மேலே கப்புக்குள் கெப்பாசிட்டர் என்று ஒரு சின்ன சாமான் இருக்கும், மோட்டார் வேகமாகச் சுற்ற உதவுவது, அது வலுவிழந்தால் அப்படித்தான் சுற்றும். பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், அதே அளவு வாங்க வேண்டும். மெயினை நிறுத்தினாலும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், அதனால் முதல் தடவை எலக்ட்ரீசியன் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள், பழகின பிறகு மாப்பிள்ளை செய்யட்டும்.

அந்த ஃபேன் ரொம்பப் பழசு என்றால் ரிப்பேர் செய்வதைவிட, கரண்ட் குறைவாக இழுக்கிற பி.எல்.டி.சி ஃபேன் வாங்குவது லாபமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய ஃபேன் 75 வாட், நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 54 யூனிட். புதுசு சுமார் 30 வாட், அதே ஓட்டத்துக்கு 22 யூனிட்டுக்குள். ஒரு ஃபேனிலேயே 32 யூனிட் மிச்சம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது, ஆகவே குறைகிற யூனிட் எல்லாமே விலை கூடின யூனிட்தான். எல்லா ஃபேனையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், ராத்திரி முழுக்க ஓடுகிற படுக்கையறை ஃபேனில் ஆரம்பி. ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாயடியில் காட்டிக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டு, இதற்கு ஆள் கூப்பிட வேண்டியதே இல்லை.

கேஸில் மட்டும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதே. அந்த ஆரஞ்சு நிற டியூபுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடு. வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல், வெளியே வந்து 1906க்குப் போன் செய். அடுப்பு எரிவது மஞ்சளாக இருந்து பாத்திரத்தின் அடி கரி பிடித்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது என்று அர்த்தம், கேஸும் வீணாகிறது. பர்னர் ஆறினதும் எடுத்து வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திவிட்டு, ஈரம் சுத்தமாகக் காய்ந்த பிறகு வை. குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்து இரண்டு நாள் ஓட்டலாம், அதற்குமேல் புதுசு வாங்கு. சேஃப்டி வால்வு அந்தக் குக்கர் கம்பெனியுடையதாகவே இருக்கட்டும்.

இப்போது நீங்கள் இருக்கிற மொட்டைமாடி அடி போர்ஷன். கத்திரி வருவதற்குள் மொட்டைமாடித் தரைக்குச் சுண்ணாம்பு அடிக்காவிட்டால் ராத்திரி பிள்ளை தூங்காது, மாசிக் கடைசியிலேயே வீட்டு ஓனரிடம் கேட்டு அனுமதி வாங்கு. செலவை அவரோடு பாதி பாதியாகக்கூடப் பேசலாம், அவர் தளத்துக்கும் நல்லதுதானே. தரையை நன்றாகப் பெருக்கிக் கழுவி, விரிசல் இருக்கிற இடங்களை முதலில் அடைத்துக் காயவிடு. சுண்ணாம்புக் கல்லை நீர்க்கும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து, பிள்ளையை மாடிக்கே விடாதே. கண்ணாடி போட்டுக்கொண்டு, இரும்பு டிரம்மில், தண்ணீருக்குள் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஒரு நாள் ஊறி ஆறின பிறகு துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, சாயங்கால வேளையில் தரையை நனைத்துவிட்டு பெரிய பிரஷ்ஷால் அடி. முதல் கோட் காய்ந்ததும் குறுக்காக இரண்டாவது கோட். வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கீழே அறையில் வித்தியாசம் உனக்கே தெரியும். மழைக்காலத்தில் கரைந்து போகும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்க வேண்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள். நீங்கள் நாள் குறித்தால் நானே வந்து அடித்துத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமையாகச் சொல்.

சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிற மூலையை இப்போதைக்குத் தொடாதே. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

சமையலறைக்கு உன் அம்மா சொல்லச் சொன்னது: ரவையை வாங்கின அன்றே வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடு, பருப்பை வெயிலில் காயவைத்து நாலு காய்ந்த மிளகாய் போட்டு மூடு, அரிசியில் காய்ந்த வேப்பிலை. ஆர்.ஓ. மெஷின் வெளியே விடுகிற தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள், உப்பு அதிகம் என்பதால் செடிக்கு மட்டும் வேண்டாம். பழைய காட்டன் சேலைகளை எறியாமல் மூட்டையாகக் கட்டி அனுப்பினால் பேத்திக்கு இரண்டு மெத்தை விரிப்பும் ஜன்னலுக்குத் திரையும் தைத்துவிடுவாளாம். போன வருஷ நோட்டுகளில் எழுதாத தாள் நிறைய இருக்குமே, கிழித்து அடுக்கி நடுவில் சாக்கு ஊசியால் தைத்தால் ரஃப் நோட்டு, இதைப் பேத்தியையே செய்யச் சொல், அவளுக்குப் பிடிக்கும்.

பாப்பா, உங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் போனால் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அதற்காக வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிக்க வேண்டாம், பாலையும் பழத்தையும் குறைக்காதே. கெட்டுப்போகத் தொடங்குகிற சாமானை அன்றைக்கே கவனித்தால் போதும், பணம் தானாக நிற்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், டெஸ்டர், கட்டிங் பிளேயர், பத்து இன்ச் திருகு ஸ்பானர், டெஃப்லான் டேப், இன்சுலேஷன் டேப், இவ்வளவும் ஒரு டப்பாவில் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஸ்பானர் வாங்காதே, என்னிடம் இரண்டு இருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது ஒழுகுகிற அந்த மிக்ஸி ஜாரையும் எடுத்து வா. பிளேடுக்கு அடியில் புஷ் தேய்ந்திருக்கும், நம் பாளையங்கோட்டை மார்க்கெட் கடையில் நின்ற நிலையில் மாற்றிக் கொடுப்பார்கள்.

அன்புடன்,
அப்பா