மெலட்டூர் பாகவத மேளா: நண்பருக்கு ஒரு கடிதம்

தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். மூட்டு வலி குறைந்து மீண்டும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தது நிம்மதியளித்தது. இந்த ஆண்டும் நரசிம்ம ஜெயந்திக்கு மெலட்டூர் சென்று வந்தேன். அவ்விழாவையொட்டி அங்கே இசையும் நடனமுமாக நடக்கும் நாடக மரபான பாகவத மேளாவைப் பற்றி நீங்கள் எழுப்பியிருந்த கேள்விக்கு, பார்த்த சூடு ஆறுவதற்குள் பதில் எழுதிவிட வேண்டும் என்று அமர்ந்திருக்கிறேன்.

விடிய விடிய நடக்கும் பிரகலாத சரித்திர நாடகத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, மாலையிலேயே முடித்துவிட்டால் இளைஞர்கள் வருவார்களே என்பது தங்கள் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவில் பந்தல் போட்டு, ஒரு கோடியில் மேடையும் மறு கோடியில் அதைப் பார்த்தபடி எழுந்தருளியிருக்கும் சுவாமியும், நடுவே நாமும் அமர்ந்திருக்கும் அந்த அமைப்பிலேயே, ஆடுகிறவர்கள் முதலில் யாருக்காக ஆடுகிறார்கள் என்பது விளங்கிவிடும். சுவாமிக்கு ஏது அவசரம்?

கூம்புத் தொப்பி அணிந்த கோணங்கி துள்ளி வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பதும், தோடய மங்களம் என்னும் தொடக்கத் துதிப் பாடல்களும், யானை முகமூடியோடு சிறுவன் ஒருவன் பிள்ளையாராக வந்து ஆடிவிட்டுப் போவதும் முடிந்து, கட்டியக்காரன் கட்டியம் கூறி, திரைக்குப் பின்னாலிருந்து இரணியன் வெளிப்படுவதற்குள்ளேயே இரவு வெகுவாக ஏறிவிடுகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய பிரவேச தருவை, அதாவது நுழைவுப் பாடலைப் பாடி, அந்தப் பாத்திரத்தின் குணத்தை நடையிலும் பார்வையிலும் நிறுவிய பிறகுதான் கதை ஓரடி நகரும். இவற்றை வெட்டினால் மிஞ்சுவது கதைச் சுருக்கம் மட்டுமே. பிரகலாதன் கதையோ நமக்குப் பாட்டி மடியிலேயே தெரிந்தது.

பிரகலாதனின் தாயான லீலாவதியின் கட்டத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். கணவனின் ஆணைக்கும் பிள்ளைப் பாசத்துக்கும் இடையே தவிக்கும் தாயாக வேடமிட்டிருப்பவர் ஓர் ஆண் என்பது சிறிது நேரத்திலேயே மறந்துபோகிறது. பெண் வேடங்கள் யாவும் ஆண்களே ஏற்பது இம்மரபின் வழக்கம். அந்தப் பக்குவத்துக்கு ஆள் கிடைப்பதுதான், நேரத்தின் நீளத்தைவிட, எனக்குக் கவலை தரும் விஷயம். நடிப்பவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். வெளியூர்களில் வேலை பார்த்துக்கொண்டு, விடுப்பு எடுத்து ஊர் திரும்பி வேடம் கட்டுகிறவர்கள் அவர்களில் பலர்.

இறுதியில் நரசிம்மர் வருகிறார். அந்த முகமூடி கோயிலில் பூஜையில் இருப்பது. அதை அணிபவர் விரதம் இருந்துதான் அணிகிறார். ஆவேசம் மிகும்போது அவரைச் சுற்றியிருப்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கிழக்கு வெளுக்கும் அந்த வேளையை மாலை ஆறு மணிக்கு எப்படிக் கொண்டுவருவது, சொல்லுங்கள்.

தெலுங்கு யாருக்குப் புரிகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் வீடும் நிலமும் வழங்கி அந்தணக் குடும்பங்களைக் குடியமர்த்திய ஊர் அது. அச்சுதபுரம் என்ற பெயரும் அதற்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த வேங்கடராம சாஸ்திரி, அக்கால இசையுலகின் மொழியாக இருந்த தெலுங்கிலேயே பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், அரிச்சந்திரா, மார்க்கண்டேயா முதலிய நாடகங்களை எழுதினார். அவற்றைத் தமிழாக்கினால் ராகமும் தாளமும் சொல்லோடு கொண்டுள்ள பிணைப்பு குலைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பாகத் தமிழில் நாலு வரி விளக்கம் சொல்லலாம், பாடல்களின் பொருளை அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம் என்பதில் நான் தங்கள் கட்சிதான்.

ஊத்துக்காட்டிலும் சூலமங்கலத்திலும் இதே மரபு முன்பு இருந்து, பிறகு நின்றுபோனது தாங்கள் அறிந்ததே. சாலியமங்கலத்தில் இன்னும் நடக்கிறது. மெலட்டூரிலோ இப்போது இரண்டு குழுக்கள் தனித்தனியே நடத்துகின்றன. அதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். ஒரே ஊரில் இத்தனை பேருக்கு வேடம் கட்டத் தெரிந்திருக்கிறதே என்று நான் எண்ணிக்கொள்கிறேன். ஜெயந்தியையொட்டிய நாட்களில் பிற நாடகங்களும் வெளியூர்க் கலைஞர்களின் நடன நிகழ்ச்சிகளும் உண்டு. ஒன்றிரண்டைத்தான் என்னால் பார்க்க முடிந்தது, வயது ஒத்துழைக்கவில்லை.

அடுத்த ஆண்டு விழாவின் தேதி தெரிந்தவுடன் எழுதுகிறேன். தாங்களும் அண்ணியும் நம் வீட்டிலேயே தங்கலாம்; பகலில் தூங்கிவிட்டு இரவில் புறப்பட்டால் கண் விழிப்பது அவ்வளவு சிரமமாக இராது. தங்கள் தந்தையார் சேர்த்து வைத்திருந்த பழைய விழா அழைப்பிதழ்களில் மெலட்டூருடையது ஏதேனும் இருந்தால், மறவாமல் பெட்டியில் எடுத்து வையுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்