ஒகேனக்கலிலிருந்து புறப்படு

அன்புள்ள தங்கைக்கு,

உன் திட்டத்தைச் சித்தி போனில் சொன்னார். அவர் கோபமாகத்தான் சொன்னார். எனக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. ராயக்கோட்டையிலிருந்து பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வரை ஒற்றைச் சக்கர சைக்கிளில் போகப் போகிறாய். நம் வீட்டுப் பெண் ஒருத்தி இப்படி யோசிக்கிறாள் என்பதே எனக்குப் பெருமை. ஆனால் “மேட்டில் புறப்பட்டுக் காவிரியில் முடிப்பேன், கடைசியில் எல்லாம் இறக்கம்தானே” என்று நீ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்தக் கடிதம். நம் பக்கத்துச் சாலைகளில் இந்த வண்டியை ஓட்ட நினைக்கிற மற்ற பிள்ளைகளும் இதே கணக்கைப் போடுவதால், எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நீ போட்டிருப்பது இரண்டு சக்கரக்காரர்களின் கணக்கு. அவர்கள் மூச்சு வாங்க ஏறினால், மறுபுறம் காலை அசைக்காமல் இறங்கலாம். ஏறிய பாடு வீண்போவதில்லை. நம் வண்டியில் செயினும் இல்லை, காலை நிறுத்திவிட்டு உருளும் வசதியும் இல்லை. பெடல் கட்டை நேராகச் சக்கரத்தின் அச்சில் பூட்டியிருக்கிறது. சக்கரம் சுழன்றால் கால் சுழன்றே தீர வேண்டும். உன்னுடைய 36 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.87 மீட்டர் போகும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 350 சுற்று. ஏற்றத்திலும் 350, இறக்கத்திலும் அதே 350. இறக்கத்தில் மிதிப்பதற்குப் பதிலாகச் சக்கரத்தைப் பின்னுக்குத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. தொடையும் முழங்காலும் ஏறும்போது படுகிற பாட்டைவிட அதில் அதிகம் படும்.

இன்னொரு கணக்கும் பார். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 87 சுற்று. அது சுகமான ஓட்டம். 20 என்றால் 116. இறக்கத்தில் வண்டி உன்னை இழுத்துக்கொண்டு 25-ஐத் தொட்டால், கால்கள் நிமிடத்துக்கு 145 முறை சுற்ற வேண்டும். அந்த வேகத்தில் பாதம் பெடலை விட்டு ஒருமுறை நழுவினால் குதித்து ஓடித் தப்ப முடியாது. சாலையில் மோதுவாய். ஏற்றத்தில் நிலைமை வேறு. சக்கரம் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிடும்; நீ காலை ஊன்றி இறங்கிக்கொள்வாய்.

ஆகவே நான் சொல்வது இது: பாதையைத் திருப்பு. ஒகேனக்கலில் புறப்பட்டு ராயக்கோட்டை வீட்டில் வந்து முடி. பென்னாகரத்துக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவில் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிற சாலையை உனக்குத் தெரியும். உன் திட்டப்படி அது கடைசியில் வருகிறது: கால் சோர்ந்து, கவனம் சிதறி, உடம்பெல்லாம் வலிக்கிற நேரத்தில். திருப்பினால் அதே சாலை முதல் வேலையாக, ஏற்றமாக, உடம்பில் தெம்பு இருக்கும்போது வரும். அதன்பிறகும் மேடு பள்ளம் உண்டு. நம் மாவட்டங்களில் சமதளச் சாலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் அவை குட்டி இறக்கங்கள், பிரேக்கைப் பிடித்தபடி சமாளித்துவிடலாம்.

ஏற்றத்துக்குப் பெடல் கட்டையின் நீளம் முக்கியம். கியர் இல்லாத வண்டியில் நம்மால் மாற்றக்கூடிய நெம்புகோல் அது ஒன்றுதான். இந்தப் பயணத்துக்கு 150 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடு. பாலக்கோடு தாண்டி நல்ல சாலையில் வேகம் வேண்டுமென்றால் குட்டைக் கட்டைதான் சுகம். அதனால் இரண்டு துளை உள்ள கட்டையாகக் கிடைத்தால் வாங்கிவிடு. வழியிலேயே பெடலைக் கழற்றி உள்துளைக்கு மாற்றிக்கொள்ளலாம். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை மறக்காதே. வலது இடது மாற்றிப் பூட்டினால் ஓட ஓடப் பெடல் தளர்ந்து, மரையையே தின்றுவிடும். ஏறும்போது சீட்டின் முன்கைப்பிடியை மேல்நோக்கி இழுத்துப் பிடி. அப்போதுதான் உன் எடைக்கும் அதிகமான அழுத்தம் பெடலுக்குப் போகும். கட்டைகள் செங்குத்தாக நிற்கும் அந்த ஒரு கணத்தில்தான் வண்டி நின்றுபோகும். அதைத் தாண்டும் அளவுக்கு ஓட்டம் எப்போதும் மிச்சம் இருக்கட்டும்.

பிரேக்கை விரலால் மெதுவாக, தொடர்ந்து இழுத்துக்கொண்டே இரு. திடீரென்று பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், நீ முன்னால் போய் விழுவாய். நீண்ட இறக்கத்தில் வட்டு சூடேறி பிரேக்கின் பிடி தளரும். இறங்கி நின்று ஆறவிடு, வட்டைக் கையால் தொடாதே. செங்குத்தான இடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதில் எந்த வெட்கமும் இல்லை. நான் நடப்பேன், இனியும் நடப்பேன்.

சீட்டைப் பற்றி அக்கா சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? நம் எடை முழுவதும் அதன்மேல்தான். கைப்பிடியில் சாய்ந்து எடையைப் பகிர்ந்துகொள்ள இதில் பெரிதாக வழியில்லை. அரை மணிக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே இறங்கி நட. மரத்துப்போன பிறகு இறங்குவது தாமதம். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளே போட்டு, மேலே தளர்வில்லாத பேண்ட் அணி. துப்பட்டா வேண்டவே வேண்டாம். அது ஸ்போக்ஸில் சிக்கினால் நீயும் வண்டியும் ஒரே சுருளாகிவிடுவீர்கள். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் தெருவைத் தாண்டாதே.

இனி நம் சாலைகள். அறுவடைக் காலத்தில் ராகியையும் கொள்ளையும் தார்ச்சாலையிலேயே பரப்பி வைப்பார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கதிரடிக்கட்டும் என்று. நம் சக்கரத்துக்கு அது வழுக்குப்பாறை. அதோடு அது அவர்கள் வீட்டுச் சோறு. ஒவ்வொரு முறையும் இறங்கி ஓரமாக நட. அங்கே வேலை செய்கிற பாட்டிமார்கள் தண்ணீர் கொடுத்து, நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்காமல் விடமாட்டார்கள். நின்று பதில் சொல்லிவிட்டு வா. ஊருக்கு ஊர் வேகத்தடைகள் உண்டு. நேர்குத்தாக ஏறு, சீட்டிலிருந்து சற்று எழு, மிதியை நிறுத்தாதே. சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும், அதில் இடுப்பு வலிக்கும். அதற்கும் மருந்து அடிக்கடி இறங்குவதுதான்.

மாசியில் போ. ஆடியில் வேண்டாம். அம்மியே பறக்கிற காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது ஒற்றைச் சக்கரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவளை விட்டுவைக்காது. ஆடிப்பெருக்குச் சமயத்தில் ஒகேனக்கல் சாலையில் கூட்டமும் வண்டியும் நிறைந்திருக்கும். எந்த மாதமானாலும் காட்டுச் சாலையில் இருட்டோடு புறப்படாதே, அந்திக்கு அங்கே இருக்கவும் கூடாது. யானைகள் நடமாடும் இடம் அது. யானை எதிர்ப்பட்டால் இரண்டு சக்கரக்காரனாவது திரும்பி விரைந்து போகலாம், நம்மால் முடியாது. வெயில் நன்றாக ஏறிய பிறகு, பஸ்ஸும் வேனும் ஓடத் தொடங்கிய பிறகு புறப்படு. வெயில் சுடும்தான், அதைப் பொறுத்துக்கொள். குரங்குகளின் கண்ணில் வாழைப்பழம் படாமல் பார்த்துக்கொள்.

தொப்பூர் கணவாயையும் ஒருநாள் முடிக்க வேண்டும் என்று உன் தோழியிடம் சொன்னாயாமே. அங்கே கூடாது. லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிக்கொள்ளும் இறக்கம் அது. இதில் நான் உன்னோடு விவாதிக்கப் போவதில்லை.

பாப்பாரப்பட்டியில் கட்டாயம் இறங்கு. சுப்பிரமணிய சிவா பாரதாசிரமம் அமைத்துத் தங்கிய ஊர்; 1925 ஜூலை 23 அன்று அங்கேதான் காலமானார். சிறையில் தொற்றிய தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற அவரைத் தடுத்தார்கள். புண்ணான காலோடு ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார் அவர். அவருடைய நினைவிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார். அந்த ஊர்ச் சாலையில் வண்டியேறும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வந்துவிடுகிறது.

உலகையே ஒருவர் ஒற்றைச் சக்கரத்தில் சுற்றினாரே, எனக்கு இது பெரிதா என்று கேட்டாயாம். ஆம், இங்கிலாந்துக்காரர் எட் பிராட் 2015-இல் புறப்பட்டு 2018-இல் ஊர் திரும்பினார். அவரும் உன்னைப் போல 36 அங்குலச் சக்கரத்தில்தான் போனார். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார் என்பதையும் பார். உடம்பு கேட்கிற இடத்தில் நின்று நின்று போனவர் அவர். நீயும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். பாலக்கோட்டில் அத்தை வீட்டில் இரவு தங்கு. களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுக் காலை நீட்டிப் படு. மறுநாள் மாரண்டஹள்ளி வழியாக வந்துவிடலாம். ஓசூர்–தருமபுரிச் சாலையில் லாரிகள் மிகுதி. கடந்து போகிற லாரியின் காற்றே உன்னை அசைக்கும். சுற்றுவழியானாலும் ஊர்ச் சாலைகளையே பிடி.

இன்னொரு யோசனை. 2008-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 800 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒற்றைச் சக்கர அஞ்சல் ஓட்டப் போட்டி ஒன்று நடந்தது. குழுவில் ஒருவர் ஓட்டுவார், களைத்தால் அடுத்தவர் ஏறிக்கொள்வார். உன் தோழிக்கும்தான் ஓட்டத் தெரிகிறதே. இருவரும் மாறி மாறி ஓட்டுங்கள். ஓட்டாதவள் ஸ்கூட்டரில் தண்ணீரோடு பின்னால் வரட்டும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே பைக்கை ஒட்டி ஓட்டுகிற பையன்களையும் அவள் தள்ளி நிறுத்துவாள். அப்படி யாராவது நெருங்கினால் நீ ஓட்டாதே. இறங்கி நின்று, அவர்கள் போன பிறகு ஏறு.

உன் அளவு டியூப் நம் பஞ்சர் கடைகளில் கிடைக்காது. இரண்டு டியூப், பம்பு, பஞ்சர் பசை, 15 எண் ஸ்பேனர், சீட்டுக் குழாய்க்கு அல்லன் சாவி, இவையெல்லாம் ஸ்கூட்டரில் இருக்கட்டும். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் பஸ்ஸில் சக்கரத்துக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள், கொடுத்துவிடு. பெடல்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள், பக்கத்தில் நிற்பவர் காலில் இடிக்காது.

சித்தியிடம் நான் பேசுகிறேன். நீ பாதையைத் திருப்பிக்கொண்டால்தான் பேசுவேன். முடிவு செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் கூப்பிடு. என்னுடைய 150 கட்டைகள் சும்மாதான் கிடக்கின்றன, கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா