மேலூர்ப் பக்கத்து அக்காமாருக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே,

எங்கள் இறையியல் கல்லூரி மாணவர்கள் பதினான்கு பேர் இந்தப் பருவம் முழுக்க உங்களிடம் வந்து போனார்கள். நாளைக்குச் சபைகளில் ஆயர்களாகப் போகிறவர்கள். பிரசங்க பீடத்தில் பேசப் பழகியிருந்தார்களே தவிர, கிராம சபையில் எழுந்து பேச அவர்களுக்குக் கால் நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் போக்கிய உங்களுக்குப் பொறுப்பாசிரியராக நான் எழுதும் நன்றி மடல் இது.

முதலில் மகளிர் குழு அக்காமார். கல்லறைத் தோட்டத்துப் பாதைக்காக மனு கொடுக்கலாம் என்று மாணவர்கள் தாங்களே முடிவு செய்துகொண்டு வந்தார்கள். "தம்பி, செத்தவங்க பாதை அப்புறம் இருக்கட்டும். பஸ் ஸ்டாப்புல இருந்து வர்ற வழியில ஒரு லைட்டு இல்ல. டியூசன் போற பிள்ளைக எப்படி வரும்?" என்று கேட்டீர்கள். அன்று சாயங்காலம் மாணவர்கள் அந்த வழியாக இருட்டில் நடந்தே பார்த்தார்கள். திரும்பி வந்து பழைய மனுவைக் கிழித்துப் போட்டார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் நீங்கள் பேசினீர்கள், அவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். "பேசியது போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா பார்" என்று அவர்களை முன்னே தள்ளிவிட்ட அக்காவை நான் மறக்கவே மாட்டேன்.

உங்கள் மதுரை மாவட்டத்து மண்ணில் கிராம சபையில் எழுந்து நின்று பேசுவது லேசான காரியமில்லை. தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குற்றத்துக்காக மேலவளவு முருகேசன் 1997-ல் கொல்லப்பட்டார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியை நிலைக்க விடவில்லை. இதையெல்லாம் வகுப்பில் படித்திருந்தார்கள். உங்கள் பக்கத்தில் நின்றபோதுதான் அதன் கனம் புரிந்தது என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார்.

வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு அடுத்த வணக்கம். வேதாகமத்து ஆமோஸ் வசனத்தோடு தொடங்கிய இரண்டு பக்க மனுவை அரைப் பக்கமாக்கினீர்கள். "வசனம் மனசுல இருக்கட்டும் தம்பி, மனுவுல தெருப் பேரு இருக்கணும்." தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'ஏன் போடவில்லை' என்று கேட்டால் பதில் வராது, தீர்மானத்தின் நகலையும் மதிப்பீட்டின் நகலையும் கேள் என்றீர்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும், எதற்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, பதிலுக்கு 30 நாள் கெடு. இவையெல்லாம் உங்கள் திண்ணையில் படித்த பாடம். 28-ஆம் நாள் பதில் வந்ததும் விடுதியே கைதட்டியது, ஐயா.

உயர் நீதிமன்றக் கிளை வழக்கறிஞர் அம்மா ஒரே ஒரு சனிக்கிழமைதான் வந்தார். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியை வாசித்துக் காட்டினார். பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே. தலித் கிறிஸ்தவரான ஒரு மாணவர் தன் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். "எங்க தெரு இன்னும் காலனிதான் மேடம்" என்றார். அதற்குமேல் பேச அவருக்கு வரவில்லை. அம்மா அவசரப்படாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எத்தனையோ விரிவுரை கேட்டிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. அந்த மாணவர் இப்போது இதே பொருளில் ஆய்வேடு எழுதுகிறார்.

நகலுக்குக் காசு வாங்காத ஜெராக்ஸ் கடை அண்ணன், திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நிற்கும்போது இடம் பிடித்துக் கொடுத்த பெரியவர், சபையின் வேனை அனுப்பிய ஆயர், எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

ஆறு கம்பங்களில் நான்கில் விளக்கு எரிகிறது. மீதி இரண்டையும் நவம்பர் 1 கிராம சபையில் கேட்போம். அக்கா, அன்றைக்கு நீங்கள் எங்களுக்காக அடுப்பு மூட்ட வேண்டாம். சாப்பாடு எங்கள் விடுதியிலிருந்து வருகிறது.