சிறுநீரக ஆய்வுக் கோப்புகள்: சனிக்கிழமைக்குள் சரிபார்த்து ஏற்றவும்

வணக்கம். பாளை, அம்பை, தென்காசி, வள்ளியூர் மையங்களின் கோப்புகளை வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பொது சர்வரில் ஒன்றுசேர்க்கிறோம். அதற்குள்:

1. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; ரத்தத்தில் அளப்பது) எல்லாம் மி.கி./டெ.லி. (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) அளவில் வேண்டும். மைக்ரோமோல்/லிட்டர் என்ற வேறு அலகில் வந்த ரிப்போர்ட்டை 88.4-ஆல் வகுக்கவும். 97 என்பது 1.1 ஆகும். அப்படியே ஏற்றினால் நல்ல சிறுநீரகமும் செயலிழந்ததாகக் கணக்கு வரும்.

2. தேதி: ஆண்டு-மாதம்-நாள். எக்செல் நாளையும் மாதத்தையும் மாற்றிவிடும். அப்புறம் இரண்டு பரிசோதனைக்கும் 3 மாத இடைவெளி உண்டா என்றே தெரியாது. நாள்பட்ட நோய் என முடிவுசெய்ய அது கட்டாயம்.

3. விடுபட்ட இடத்தில் 0 போடாதீங்க, காலியாக விடுங்க.

4. பெயர், போன் நம்பர் கூடாது. ஆய்வு எண் மட்டும்.

5. வயல்வேலை முடிந்த கையோடு ரத்தம் கொடுத்தவர்களைக் குறிப்பில் எழுதவும். உடம்பில் நீர் வற்றினாலே கிரியேட்டினின் ஏறும்.

ஏற்றியதும் ஊர்ப் பெயரோடு ‘முடிந்தது’ என்று இங்கே பதில் போடுங்க.